பின்னால் லேசான இடி, காருக்குக் கீறல்தான், கழுத்து வலி மட்டும் போகவில்லை: இழப்பீடு கேட்கலாமா?

1. மழைக்குருவி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து படிப்பதோடு சரி, கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை.

சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. பெரிய வேகமெல்லாம் இல்லை. பம்பரில் கீறல், நம்பர் பிளேட் வளைந்தது, அவ்வளவுதான். அவர் இறங்கி மன்னிப்புக் கேட்டார், இருவரும் இன்சூரன்ஸ் விவரங்களை எழுதிக்கொண்டோம். போலீஸ் வந்து குறிப்பெடுக்கும்போது அடி ஏதாவது பட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். அப்போது வலியே இல்லை. இல்லை என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார். வலி குறைந்தது, ஆனால் போகவில்லை. என் தொழில் தையல், வீட்டிலிருந்தே செய்கிறேன். குனிந்து கொஞ்ச நேரம் மெஷினில் உட்கார்ந்தாலே தோள்பட்டை வரை இழுக்கிறது. கையில் இருந்த ஆர்டர்களில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வாங்கிய முன்பணத்தையும் சேர்த்து.

இப்போது எதிர்த்தரப்பு இன்சூரன்ஸிலிருந்து ஒருவர் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். கார் ரிப்பேர் செலவோடு ‘உங்கள் சிரமத்துக்காக’ என்று ஒரு தொகையும் தருகிறார்களாம், ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் உடனே பணம் வந்துவிடுமாம். வீட்டுக்காரர் ‘வந்தவரை லாபம், வாங்கிப் போடு’ என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அதே நேரம் ஒரு கீறலுக்கு இழப்பீடு கேட்டு நிற்பது பேராசையோ என்றும் தோன்றுகிறது.

எந்த நாடு என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. எதிர்த்தரப்பு ஆட்கள் இதைப் படித்துவிடக் கூடாது.

2. சும்மாஇரு

படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்குங்க. பம்பர் கீறலுக்குக் கழுத்து வலி, முதுகு வலி என்று எல்லாரும் கிளம்புவதால்தான் ஒழுங்காக ஓட்டுகிறவனுக்கும் பிரீமியம் வருஷா வருஷம் ஏறுது. உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்றேன்.

3. தேவி_பிசியோ

பொதுவாகச் சொன்னாலும் தப்புதான் சும்மாஇரு சார். கார் எவ்வளவு நசுங்கியது என்பதை வைத்து உள்ளே இருந்தவருக்கு எவ்வளவு அடி என்று சொல்லிவிட முடியாது. குறைந்த வேகத்தில் பம்பர் நசுங்காமல் தாங்கினால், அந்த உந்துதல் காரை அப்படியே முன்னே தள்ளுகிறது. இருக்கை முதுகைத் தள்ளும், தலை ஒரு கணம் பின்தங்கும். அந்தக் கணத்தில் கழுத்து ‘எஸ்’ எழுத்து போல வளைகிறது. தலைச்சாய்வு (ஹெட்ரெஸ்ட்) தாழ்வாக இருந்தால் இன்னும் மோசம். அதன் மேல்விளிம்பு உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும், தலைக்கும் அதற்கும் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். காரில் ஏறியதும் அதைச் சரிபார்க்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை.

இதைத்தான் விப்லாஷ் என்கிறோம். சம்பவ இடத்தில் ஒன்றும் தெரியாமல் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வலி தொடங்குவது சகஜம். கனடாவின் கியூபெக் பணிக்குழு 1995-இல் விப்லாஷுக்கு வகுத்த படிநிலையை இன்றும் பயன்படுத்துகிறோம். வலி, விறைப்பு மட்டும் இருந்தால் முதல் நிலை. தொட்டால் வலிக்கும் இடம், திருப்பும் அளவு குறைவது போன்ற அடையாளங்களைப் பரிசோதனையில் கண்டால் இரண்டாம் நிலை. கையில் மரத்துப்போதல், பலவீனம், அனிச்சைச் செயல் குறைதல் இருந்தால் மூன்று. எலும்பு முறிவோ விலகலோ இருந்தால் நான்கு. மழைக்குருவி சொல்வதைப் பார்த்தால் இரண்டு போலத் தெரிகிறது, ஆனால் நேரில் பார்க்காமல் நான் சொல்வதற்கு மதிப்பில்லை. ‘இழுப்பு’, ‘வலி’ என்பதோடு நிற்காமல் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே எடுக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கனடிய விதி ஒன்று 2001-இல் வந்தது. வயது 65 அல்லது அதற்கு மேல், மோசமான விபத்து, கைகால் மரத்துப்போதல் இவற்றில் எதுவும் இல்லாமல், சாதாரணப் பின்மோதலாக இருந்து, கழுத்தை இருபுறமும் 45 டிகிரி திருப்ப முடிந்தால் படமே தேவையில்லை. உங்களுக்கு அன்று இடப்பக்கம் திரும்பவே இல்லை என்கிறீர்களே, அதை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். தசை, தசைநார் காயம் பெரும்பாலும் படத்தில் தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்றால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள்.

கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு படுத்திருக்காதீர்கள். மெதுவாக அசைத்துக்கொண்டே இருப்பதுதான் சிகிச்சை. கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ உடனே ஆஸ்பத்திரி.

4. ஓய்வுபெற்ற_அட்ஜஸ்டர்

நான் அந்தப் பக்கத்து ஆள். பல வருஷம் மோட்டார் க்ளெய்ம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். உங்களோடு மரியாதையாகப் பேசுகிறவர் மோசடிக்காரர் இல்லை, அவர் வேலையைச் செய்கிறார். ஃபைல் திறந்திருக்கிற வரைக்கும் அதன்மேல் ஒரு தொகையை நிறுவனம் ஒதுக்கி வைக்க வேண்டும். உங்கள் வலி என்னவாகும் என்று அவருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கும்போதே மூடிவிட்டால் மலிவு, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் பேசுகிறார்.

அந்தப் படிவத்தைப் பொறுமையாகப் படியுங்கள். ‘முழுமையான, இறுதியான தீர்வு’, ‘இப்போது தெரிந்த, இனி தெரியவரும் காயங்கள் அனைத்துக்கும்’ என்ற வரிகள் எங்காவது இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு டிஸ்க் விலகியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தாலும் திரும்பக் கதவைத் தட்ட முடியாது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று நிரூபித்தால் ஒழிய நீதிமன்றமும் கேட்காது.

கார் வேறு, கழுத்து வேறு. இரண்டையும் ஒரே படிவத்தில் கட்டித்தான் கொடுப்போம், பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பதற்காக. பிரித்துக் கேட்டால் பெரும்பாலும் பிரித்துத் தருவார்கள். கேட்டுப் பாருங்கள்.

போனில் உங்கள் பேச்சைப் பதிவுசெய்கிறேன் என்று சொன்னால், எதிர்த்தரப்பு நிறுவனத்துக்கு அதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் பொதுவாகக் கிடையாது. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகிறேன் என்று சொல்லிவிடலாம். உங்கள் சொந்த இன்சூரன்ஸ் கேட்டால் கதை வேறு, பாலிசி நிபந்தனைப்படி ஒத்துழைத்தாக வேண்டும்.

ஒரு கேள்வி. டாக்டர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? ‘விபத்துக்குப் பின்’ என்ற சொல் இருக்கிறதா?

5. மழைக்குருவி

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சீட்டை எடுத்துப் பார்த்தேன். ‘கழுத்து வலி, தசைப்பிடிப்பு’ என்று மட்டும்தான் இருக்கிறது. கார் இடித்ததைச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது, அவர் எழுதவில்லை.

இன்னொன்றும் உண்டு. தையல் வேலையால் எனக்கு முன்பே அவ்வப்போது கழுத்து வலி வரும். ஒரு தடவை இதே டாக்டரிடம் காட்டியும் இருக்கிறேன். அதை அவர்களிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் ‘பழைய வலிதானே’ என்று தள்ளிவிட மாட்டார்களா?

6. கறுப்புக்கோட்டு

வக்கீல் என்ற முறையில் எழுதுகிறேன், இது பொதுத் தகவல்தான். உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காகிதங்களைக் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

பழைய வலியை மறைக்கவே மறைக்காதீர்கள். க்ளெய்ம் போட்டால் அவர்கள் முதலில் கேட்பது பழைய மருத்துவப் பதிவுகளைத்தான். மறைத்தது அங்கே தெரிந்துவிட்டால் உண்மையான வலியையும் யாரும் நம்ப மாட்டார்கள். சொல்லிவிட்டால் சட்டம் உங்களுக்கு உதவும். இங்கிலாந்தில் 1901-இல் வந்த டூலியூ எதிர் வைட் வழக்கிலிருந்து பல நாடுகள் பின்பற்றும் கொள்கை ஒன்று உண்டு. அடித்தவன், அடிபட்டவரை இருக்கிற நிலையிலேயே ஏற்க வேண்டும். மண்டையோடு மெல்லியதாக இருந்தது அவர் தப்பு என்று வாதாட முடியாது. எப்போதோ வந்து போகும் வலி, விபத்துக்குப் பிறகு விடாத வலியாக மாறியிருந்தால், அந்த அதிகரிப்புக்கு இழப்பீடு உண்டு. முன்பே இருந்த பங்குக்குக் கிடையாது. ஆகவே ‘முன்பு எப்படி, இப்போது எப்படி’ என்பதை டாக்டரே எழுதுவதுதான் உங்களுக்குப் பலம்.

பழைய சீட்டைத் திருத்தச் சொல்லாதீர்கள். அது ஆபத்து. மறுபடி போய், எந்தத் தேதியில் எப்படி இடித்தது, வலி எப்போது தொடங்கியது, எந்த வேலை முடியவில்லை என்று சொல்லி, அன்றைய தேதியில் புதிதாகப் பதியச் சொல்லுங்கள். போலீஸ் குறிப்பில் ‘காயம் இல்லை’ என்றிருப்பது தலை போகிற காரியம் அல்ல. அன்றைக்கு வலி இல்லை என்பது உண்மை, மறுநாள் வந்தது என்பதும் உண்மை. மறுநாளே டாக்டரைப் பார்த்த தேதி இருக்கிறதே, அது பெரிய சாட்சி.

எல்லாவற்றையும்விட அவசரமானது காலக்கெடு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 166-ஆம் பிரிவில் மனு போட முன்பு காலவரம்பே இல்லாமல் இருந்தது. 2019 திருத்தம், 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதம் என்று வைத்துவிட்டது. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் மூன்று வருஷம், மலேசியாவில் ஆறு வருஷம். ஆனால் சிங்கப்பூரில் விபத்தைச் சொந்த இன்சூரன்ஸுக்கு 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். வழக்குக் கெடு ஒன்று, தகவல் கொடுக்கும் கெடு ஒன்று. பலர் தவறவிடுவது இரண்டாவதை.

இன்சூரன்ஸ்காரர் ‘பேச்சுவார்த்தை நடக்கிறதே’ என்று இழுத்துக்கொண்டிருந்தாலும் கெடு நிற்காது. பேசிக்கொண்டிருந்தோம் என்பது நீதிமன்றத்தில் சாக்காகாது.

7. வடக்குக்காற்று

நான் கனடா ஒன்ராறியோவில இருக்கிறன். இஞ்ச விசயம் தலைகீழ். இடிச்சவன்ர இன்சூரன்ஸிட்ட போக முதல் உங்கட சொந்த இன்சூரன்ஸிட்டத்தான் போகோணும். ஆர் பிழை விட்டது எண்டு பாக்காமலே மருத்துவச் செலவு தருவினம். 7 நாளுக்குள்ள அறிவிக்கோணும், படிவம் கைக்கு வந்து 30 நாளுக்குள்ள நிரப்பிக் குடுக்கோணும். கழுத்துப் பிடிப்பு மாதிரிச் சின்னக் காயம் எண்டால் சிகிச்சைக்கு 3,500 டொலர்தான் உச்சம். அதுக்கு மேல வேணுமெண்டால் இது சின்னக் காயம் இல்லை எண்டு டொக்டர் எழுதிக் காட்டோணும்.

கியூபெக்கில 1978 தொடக்கம் காயத்துக்கு வழக்கே போடேலாது, அரச நிறுவனமே குடுக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2021 மே மாதத்தோட ஏறக்குறைய அந்த வழிக்கு வந்திட்டுது. எண்டபடியா தங்கச்சி, நாட்டைச் சொல்லாட்டியும் பரவாயில்லை, ஆனால் உங்கட பாலிசியை முதல் எடுத்து வாசியுங்கோ. சொந்தப் பாலிசியிலயே உங்களுக்குக் காசு இருக்கும், நீங்கள் மற்றவனோட கதைச்சுக்கொண்டு இருப்பியள்.

இன்னொண்டு. கார் இழுக்க வாறவன் ‘எனக்குத் தெரிஞ்ச கிளினிக் இருக்கு, எனக்குத் தெரிஞ்ச லோயர் இருக்கு’ எண்டு கார்ட் நீட்டினால் வாங்காதேங்கோ.

8. தேம்ஸ்கரை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி மருத்துவ அறிக்கை இல்லாமல் விப்லாஷுக்குப் பேரம் பேசுவதையே சட்டம் தடை செய்திருக்கிறது. 2018 சட்டம், 2021 மே 31 முதல் நடைமுறை. மழைக்குருவி இங்கே இருந்தால் அந்தப் போன்காரரிடம் இதை ஒரு வரி சொன்னாலே போதும்.

ஆனால் தொகையைக் கேட்டால் சிரிப்பீர்கள். வலி எத்தனை மாதம் இருக்கும் என்று மருத்துவ அறிக்கை சொல்கிறதோ அதற்கு ஒரு விலைப்பட்டியல். மூன்று மாதம் வரை என்றால் 240 பவுண்டு, 2025 மே 31 முதல் நடந்த விபத்து என்றால் 275. வேலை இழப்பு, சிகிச்சைச் செலவு தனி. காயத்தின் மதிப்பு 5,000 பவுண்டுக்குள் இருந்தால் ஜெயித்தாலும் வக்கீல் செலவு திரும்ப வராது, அதனால் இணையதளத்தில் நாமே பதிவுசெய்து நடத்திக்கொள்ள வேண்டியதுதான். ஸ்காட்லாந்துக்கு இந்தப் பட்டியல் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும்கூட இது காரில் இருந்தவர்களுக்கு மட்டும்தான், சைக்கிளில் போனவருக்கும் நடந்து போனவருக்கும் பழைய கணக்கு.

9. சும்மாஇரு

பாத்தீங்களா, 240 பவுண்டு! இதுக்கு இவ்வளவு ஓட்டமா? டாக்டர், வக்கீல், ஜெராக்ஸ், அலைச்சல் எல்லாம் போக மிச்சம் என்ன இருக்கும்? தேவி மேடம் சொன்ன மருத்துவத்தை ஏற்றுக்கொள்கிறேன், வலி பொய் என்று இனி சொல்ல மாட்டேன். கணக்கைத்தான் கேட்கிறேன்.

10. கறுப்புக்கோட்டு

நியாயமான கேள்வி. சில காயங்களுக்கு இழப்பீடு கேட்காமல் விடுவதே புத்திசாலித்தனம். இரண்டு வாரத்தில் போன வலி, வேலை இழப்பு இல்லை என்றால் நானே ‘செலவை மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள்’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். மழைக்குருவி விஷயத்தில் வலிக்கான தொகையைவிட வருமான இழப்பு பெரிதாக இருக்கலாம். அதை எண்ணிப் பார்க்காமல் சிறிது, பெரிது என்று பேசுவதில் அர்த்தமில்லை.

வக்கீல் கூலி பற்றி: அமெரிக்காவில் ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு சகஜம். இந்தியாவில் பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் வெற்றித்தொகையில் பங்கு பேசக் கூடாது. பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு. கூலியை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்.

இந்தியாவைப் பற்றித் தனிச்செய்தியில் பலர் கேட்டதால் சேர்க்கிறேன். எம்சிஓபி மனுவை, அதாவது மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவை, விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே 164-ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கலாம். எது கொடுங்காயம் என்பதில்தான் சண்டை வரும். எலும்பு முறிவு அதில் அடக்கம். 15 நாள் கடும் வலியோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாத நிலையோ இருந்தாலும் பாரதிய நியாய சம்ஹிதையின் வரையறைக்குள் வரும், பழைய தண்டனைச் சட்டத்தில் அது 20 நாள். நிரந்தரக் குறை இருந்தால் உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் சொன்னதைப் படியுங்கள். உடலில் எத்தனை சதவீத ஊனம் என்பதை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். விரல் போன எழுத்தருக்கும் விரல் போன தையற்காரருக்கும் இழப்பு ஒன்றல்ல.

11. மழைக்குருவி

கடைசி வரி எனக்கே எழுதினது போல இருக்கிறது சார்.

ஆனால் வருமானத்தை எப்படிக் காட்டுவது? சம்பளச் சீட்டு கிடையாது. ஆர்டர் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன், அளவும் தொகையும் தேதியும் அதில் இருக்கும். பாதிப் பேர் கையில் காசு கொடுப்பார்கள், பாதிப் பேர் போனில் அனுப்புவார்கள்.

12. கணக்குப்பிள்ளை

அந்த நோட்டுதான் உங்கள் சொத்து. பத்திரமாக வையுங்கள், இப்போது உட்கார்ந்து எதையும் ‘அழகாக’ திருப்பி எழுதாதீர்கள். அடித்தல் திருத்தலோடு இருக்கிற நோட்டைத்தான் நம்புவார்கள், ஒரே மையில் ஒரே நாளில் எழுதியதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சொந்தத் தொழில் செய்கிறவர்களின் இழப்பை மூன்று பக்கமிருந்து பார்ப்பார்கள். விபத்துக்கு முந்தைய மாதங்களோடு ஒப்பிட்டால் வரவு எவ்வளவு குறைந்தது என்பது ஒன்று. இதில் பருவம் பார்க்க வேண்டும், தையலில் சில மாதம் கூட்டமாக வரும், சில மாதம் ஆளே வராது. ஆகவே போன வருஷத்தின் அதே மாதங்களை எடுங்கள். இரண்டாவது, குறிப்பாக எந்த ஆர்டர் போனது: நீங்கள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது போனில் பணம் அனுப்பிய பதிவும், ‘கழுத்து வலியால் முடியவில்லை’ என்று அனுப்பிய செய்தியும் இருக்கும் அல்லவா? அதைப் படம்பிடித்து வையுங்கள். ஆர்டர் தொகை முழுதும் இழப்பாகாது, துணி, நூல், மின்சாரம் மிச்சமானதைக் கழிக்க வேண்டும். நீங்களே கழித்துக் காட்டினால் எதிர்ப்பக்கம் உங்கள் கணக்கை மதிக்கும். மூன்றாவது, உங்களுக்குப் பதில் ஆள் வைத்திருந்தால் அந்தக் கூலி. இது மிக எளிதாக ஒப்புக்கொள்ளப்படும் செலவு, ரசீது மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வருமான வரிக் கணக்கில் காட்டிய தொகை நோட்டில் இருப்பதைவிடக் குறைவு என்றால் அங்கே மாட்டுவீர்கள். வரித்துறையிடம் ஒரு வருமானம், இன்சூரன்ஸிடம் ஒரு வருமானம் என்று சொல்ல முடியாது. அப்படி இருந்தால் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

13. மணல்மேடு

இங்கே புளோரிடாவில் 14 நாளுக்குள் டாக்டரைப் பார்க்காவிட்டால் சொந்தப் பாலிசியின் காயப் பணமே போச்சு. என் மச்சானுக்கு அப்படித்தான் ஆனது. வலி பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டிருந்தார். வர்ஜீனியா, மேரிலாந்து, வட கரோலினா, அலபாமாவில் இன்னும் கொடுமை. உங்கள் மேல் கொஞ்சம் தவறு இருந்தாலும் ஒரு காசு கிடைக்காமல் போகலாம்.

14. மழைக்குருவி

நின்றுகொண்டிருந்த வண்டி, என் மேல் என்ன தவறு வரும்? சீட் பெல்ட் போட்டிருந்தேன்.

15. ஓய்வுபெற்ற_அட்ஜஸ்டர்

‘சிக்னல் பச்சையானதும் கிளம்பிவிட்டுத் திடீரென்று பிரேக் போட்டார்’ என்று அந்த டிரைவர் பிறகு சொல்லலாம். அன்றைக்கு மன்னிப்புக் கேட்டவர் அடுத்த வாரம் கதையை மாற்றுவது எனக்குப் புதிதல்ல. பின்னால் வந்தவர் மேல்தான் பொதுவாகத் தவறு விழும், அவர்தான் இடைவெளி விட்டு வந்திருக்க வேண்டும். இருந்தாலும் டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவை இன்றே வேறொரு இடத்தில் ஏற்றி வையுங்கள், பழையதன்மேல் புதியது ஏறி அழிந்துவிடும். அருகில் கடைக் கேமரா இருந்தால் அதுவும் அப்படித்தான்.

சீட் பெல்ட் போட்டது நல்லது. போடாதவர்களுக்கு இங்கிலாந்தில் 1975-இல் ஃப்ரூம் எதிர் பட்சர் வழக்கில் கணக்கே போட்டுவிட்டார்கள். போட்டிருந்தால் காயமே பட்டிருக்காது என்றால் 25 சதவீதம் பிடித்தம், காயம் குறைந்திருக்கும் என்றால் 15.

சமூக ஊடகத்தில் கவனம். நீங்கள் நாட்டைச் சொல்லாதது சரி. ஏதாவது விழாவில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்று போதும், ‘வலியில் இருக்கிறவரா இவர்?’ என்று ஃபைலில் சேர்ப்பார்கள். நானே சேர்த்திருக்கிறேன். அதற்காகப் போட்ட படங்களை இப்போது அழிக்கவும் வேண்டாம், ஆதாரத்தை அழித்தார் என்று வரும்.

சிகிச்சையில் இடைவெளி விடாதீர்கள். பிசியோவுக்கு இரண்டு தடவை போய்விட்டு ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பப் போனால், நடுவில் வலி இல்லை என்றுதான் நாங்கள் படிப்போம். பணமில்லாமல் நிறுத்தினால் அதையாவது டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்கள்.

16. தேவி_பிசியோ

நாட்குறிப்பு எழுதுங்கள், ஆனால் ‘வலி பத்துக்கு எட்டு’ என்று தினமும் எண் போடுவதால் பயனில்லை. ‘இன்று கால் மணி நேரத்துக்கு மேல் மெஷினில் உட்கார முடியவில்லை’, ‘வண்டியைப் பின்னால் எடுக்கத் தலையைத் திருப்ப முடியாமல் வீட்டுக்காரரை ஓட்டச் சொன்னேன்’ என்று செய்யமுடியாததை எழுதுங்கள். நன்றாக இருந்த நாளையும் எழுத வேண்டும். எல்லா நாளும் ஒரே மாதிரி மோசம் என்று எழுதியிருந்தால் நானே நம்ப மாட்டேன்.

வழக்கு நடக்கிறது என்பதற்காக வலியைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். நடிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. எந்நேரமும் கழுத்தையே நினைத்துக்கொண்டு அசைக்கப் பயந்தால் தேறுவது தள்ளிப்போகும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பெரிய முன்னேற்றம் வரும். வழக்கை வக்கீலிடம் விடுங்கள், கழுத்தை அசையுங்கள்.

17. சும்மாஇரு

நியூசிலாந்தில் இந்த வம்பே இல்லையாமே? அண்ணன் மகன் அங்கே இருக்கான்.

18. கறுப்புக்கோட்டு

ஆமாம். 1974 ஏப்ரல் 1 முதல் அங்கே விபத்துக் காயத்துக்கு ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது, யார் தவறு என்றும் பார்ப்பதில்லை. சுற்றுலா வந்தவருக்குக்கூட சிகிச்சைச் செலவில் பங்கு உண்டு. வேலைக்குப் போக முடியாவிட்டால் முதல் வாரத்துக்குப் பிறகு வருமானத்தில் 80 சதவீதம். வலிக்கென்று தனித்தொகை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். என் தொழிலுக்கு அந்த நாடு சரிப்படாது.

மழைக்குருவி, அவர்களுக்கு எழுத வேண்டியதை ஒரு மாதிரிக்குத் தருகிறேன். கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

‘இன்ன தேதியில் நடந்த விபத்து, இன்ன க்ளெய்ம் எண். என் வாகனச் சேதத்துக்கான தொகையைத் தனியே வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைப் பெறுவது உடற்காயம் தொடர்பான என் உரிமை எதையும் பாதிக்காது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தவும். கழுத்துக் காயத்துக்குச் சிகிச்சை தொடர்கிறது. அது முடிந்தோ, நிலை இதுதான் என்று மருத்துவர் எழுதித் தந்தோ, அதன்பின் முழு விவரங்களை அனுப்புவேன். அதுவரை காயம் குறித்து எந்தத் தீர்வுக்கும் நான் இசையவில்லை. இனி தொடர்பு எழுத்து வழியாக இருக்கட்டும்.’

இதில் கோபமும் வேண்டாம், வலியின் வர்ணனையும் வேண்டாம். தொகை எதையும் நீங்கள் முதலில் சொல்லாதீர்கள்.

19. மழைக்குருவி

எல்லோருக்கும் நன்றி, ஒரு தகவலோடு வந்திருக்கிறேன். கடிதத்தைக் கிட்டத்தட்ட அப்படியே அனுப்பினேன். காருக்கான பணத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டார்கள், நான் பயந்த அளவுக்கு ஒன்றும் மல்லுக்கட்டவில்லை. டாக்டர் மறுபடி பார்த்து, விபத்துத் தேதி, பழைய வலி, இப்போதைய வலி மூன்றையும் எழுதித் தந்தார். பிசியோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மெஷினை உயர்த்திப் போட்டதில் கொஞ்சம் குனியாமல் தைக்க முடிகிறது, வேலை முழுசாகத் திரும்பவில்லை.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று முதலில் அதைத்தான் எழுதிக் கொடுத்தார். கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரி நூல், மின்சாரம் கழித்துக் கணக்கும் கொடுத்தேன், அவர் ஆச்சரியப்பட்டார்.

இன்சூரன்ஸிலிருந்து இப்போது முன்பைவிடக் கணிசமாக அதிகத் தொகை சொல்லியிருக்கிறார்கள். வக்கீலுக்கு இது பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஆனால் புதிய படிவத்தில், என் சிகிச்சைக்கு வேறு யாராவது பணம் கட்டியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது என்று ஒரு வரி இருக்கிறது. பிசியோ செலவில் ஒரு பகுதியை என் மருத்துவக் காப்பீடு கட்டுகிறது. இதற்கு என்ன அர்த்தம்?

20. ஓய்வுபெற்ற_அட்ஜஸ்டர்

அர்த்தம் இருக்கிறது. இடித்தவர் தரப்பிலிருந்து உங்களுக்குப் பணம் வந்தால், தான் கட்டிய பங்கைத் திருப்பிக் கேட்கும் உரிமையை உங்கள் மருத்துவக் காப்பீடு வைத்திருக்கலாம். அப்படியிருந்தால் கையில் வருவது அந்தப் பங்கு போக மிச்சம். காப்பீட்டுக்காரரிடம், இந்த விபத்துக்காக இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள், திரும்பக் கேட்பீர்களா, குறைத்துக்கொள்வீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். குறைத்துக்கொள்வது உண்டு, அதைக் கையெழுத்துக்கு முன்னால் பேச வேண்டும்.

21. மழைக்குருவி

கேட்டு இன்று அனுப்பிவிட்டேன். வக்கீல் கூலி இந்தத் தொகையில் கழிக்கப்படுமா, தனியா என்பதையும் அவரிடம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். இரண்டுக்கும் பதில் வரும் வரை படிவம் மேஜை டிராயரிலேயே கிடக்கட்டும்.